உசிலம்பட்டி ஜெராக்ஸ் கடைக்கு விண்டோஸ் 11: மூன்று சிஸ்டத்தையும் மாற்றத்தான் வேண்டுமா?

உசிலை_ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பிளக்ஸ் டிசைன், பிள்ளைகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் பார்க்கிறோம்.

கடையில் மூன்று சிஸ்டம், மூன்றிலும் விண்டோஸ் 10. கல்லாவுக்குப் பக்கத்தில் இருப்பது எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விண்ணப்பம், பணம் அனுப்புவது, ரேகை வைக்கும் கருவி எல்லாம் அதில்தான். டிசைனுக்கு நான்காம் தலைமுறை ஐ5. அதில் பேஜ்மேக்கர், கோரல்டிரா, பாமினி எழுத்துரு. மூன்றாவது, என் தம்பி பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப். வாட்ஸ்அப்பில் வருகிற பிடிஎஃப்பை இறக்கி பிரிண்ட் கொடுக்க மட்டும் அதை வைத்திருக்கிறோம்.

விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஹெல்த் செக் போட்டுப் பார்த்தேன். மூன்றுமே விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்றது. ஐ3-க்கு டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லையாம். இங்கே ஒரு கடையில் கேட்டால் மூன்றையும் மாற்றுங்கள், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். முகூர்த்த மாதத்தில் சம்பாதிப்பதை அப்படியே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா? மாற்றினால் பேஜ்மேக்கர் ஓடுமா? விண்டோஸ் 11-ஐக் கடையில் தினமும் வைத்துப் புழங்குகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

விளாச்சேரி_தம்பி:

அக்கா, ரூஃபஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பென் டிரைவ் தயார் செய்யும்போதே டிபிஎம் சோதனையை நீக்கச் சொல்லி டிக் அடித்துவிடலாம். என் வீட்டில் உங்கள் ஐ5 மாதிரியே நான்காம் தலைமுறை சிஸ்டம்தான், விண்டோஸ் 11 நன்றாக ஓடுகிறது. மாதாந்திர அப்டேட்டும் வருகிறது. பைசா செலவு இல்லை, மூன்றுக்கும் அதையே போட்டுவிடுங்கள்.

டவுன்ஹால்ரோடு_கம்ப்யூட்டர்:

தங்கச்சி, மூன்றையும் மாற்ற வேண்டாம். கல்லாப் பக்கத்து சிஸ்டத்துக்குப் பொருள் எதுவுமே வாங்க வேண்டியதில்லை.

மதுரையில் விண்டோஸ் 98 காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறேன். இந்த ஒரு வருடமாக எங்கள் மேஜைக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி இதே கேள்விதான். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலத்திலிருந்தெல்லாம் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

உங்கள் எட்டாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்கிற பட்டியலில் உள்ள சிப். டிபிஎம் இல்லை என்று செய்தி வந்ததும் போர்டே உதவாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிபிஎம் அந்த சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் அதற்கு பிடிடி என்று பெயர் வைத்திருக்கிறது, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருக்கும். 2018, 2019 வாக்கில் வந்த போர்டுகள் பலவற்றில் அதை ஆஃப் செய்தே அனுப்பினார்கள். சிஸ்டம் ஆன் ஆகும்போதே திறக்கிற அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் ஆன் செய்துவிட்டு ஹெல்த் செக்கை மறுபடி ஓட்டுங்கள். அடுத்து செக்யூர் பூட் கேட்கும், சிஸ்டம் எழும்போதே நம்பகமில்லாத மென்பொருளைத் தடுக்கிற வசதி அது. அதற்கு, உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஃபார்மேட் அடிக்காமலே மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. என்ன இருந்தாலும் முழு பேக்கப் எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் 11-க்கு மாறத் தனியாகப் பணமும் கிடையாது.

புழங்குவதற்கு எப்படி என்று கேட்டீர்கள். 2021 அக்டோபரில் முதலில் வந்தபோது நான் யாருக்கும் போட்டுக் கொடுக்கவில்லை. இப்போது வந்திருக்கும் 25எச்2 என்ற பதிப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது. 2025 செப்டம்பர் கடைசியில் வெளியானது. முந்தைய 24எச்2-வும் இதுவும் உள்ளே ஒரே அடித்தளம்தான், அதனால் 24எச்2-விலிருந்து மாறுகிறவர்களுக்கு ஒரு சின்ன அப்டேட், ஒரு ரீஸ்டார்ட்டோடு முடிந்துவிடுகிறது. எஸ்எஸ்டி இருந்தால் வேகத்தில் குறை சொல்ல முடியாது. 4 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் எழுதியிருக்கிறது. குரோமில் நாலு டேப் திறந்து வைத்து விண்ணப்பம் போடுகிற கடைக்கு 8 ஜிபிக்குக் கீழே நான் சொல்லவே மாட்டேன். சுழல்கிற ஹார்டு டிஸ்க்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். காலையில் சிஸ்டம் எழுந்திருப்பதற்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும்.

ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்திருக்கும், செட்டிங்ஸில் இடது பக்கம் தள்ளிவிடலாம். ரைட் கிளிக் மெனுவைச் சுருக்கிவிட்டார்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனு வரும். கடைப் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் புலம்பல் நின்றுவிடும். வேர்ட்பேடை எடுத்துவிட்டார்கள். பழைய ஆர்டிஎஃப் கோப்புகள் வைத்திருக்கும் பத்திர எழுத்தர்கள் இதைத்தான் எங்களிடம் கேட்கிறார்கள். லிப்ரே ஆஃபீஸ் போட்டுக் கொடுக்கிறோம், பிரச்சினை இல்லை.

தமிழைப் பொறுத்தவரை எனக்கு மகிழ்ச்சிதான். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே கிடைக்கிறது, 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-லேயே வந்துவிட்டது. பழைய கோப்புகளில் லதா எழுத்துரு இருந்து, புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் அது காணாமல் போனால் பயப்பட வேண்டாம். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்று இருக்கும், இறக்கிக்கொண்டால் லதாவும் விஜயாவும் வந்துவிடும். பாமினி வழக்கமான எழுத்துருக் கோப்புதான், அப்படியே ஏறும். பேஜ்மேக்கர் 7 எங்கள் வாடிக்கையாளர்களிடம் 11-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிர்வாகி உரிமை கொடுத்துத் திறக்க வேண்டும், ஒரு பிரிண்டரை டீஃபால்ட்டாக வைத்திருக்க வேண்டும். டாஸ் காலத்துப் பில்லிங் வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். விண்டோஸ் 11 64 பிட் மட்டுமே, 16 பிட் புரோகிராம் எதுவும் அதில் நேரடியாக ஓடாது.

ரேகைக் கருவிக்கு வருகிறேன். புதிதாகப் போடும் விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு தானாகவே ஆன் ஆகியிருக்கும். கருவிகளை இயக்குகிற மென்பொருளான டிரைவர் பழையதாக இருந்தால் அது உள்ளே விடாது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனது பொறுக்கவில்லை. கருவி தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பாதுகாப்பை ஆஃப் செய்து ஓட்டச் சொல்லி யாராவது சொன்னால், பணம் புழங்குகிற சிஸ்டத்தில் அதைச் செய்யாதீர்கள்.

இனி நான் எழுதப்போவதை மட்டும் கவனமாகப் படியுங்கள். இந்த ஓஎஸ்ஸில் நம் ஊர்க் கடைகளை உண்மையில் பாதிக்கிற மாற்றம் இதுதான்.

24எச்2-விலிருந்து, புதிதாக ஓஎஸ் போட்டோ புது லேப்டாப் வாங்கியோ மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தால், பொதுவாக டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். பிட்லாக்கர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே தொழில்நுட்பம்தான். முன்பெல்லாம் புரோ பதிப்பில்தான் பார்ப்போம், இப்போது ஹோம் பதிப்பிலும் நடக்கிறது. சிஸ்டம் நன்றாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. போர்டு போய், டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பயாஸ் அப்டேட் செய்தாலும் சில நேரம் கேட்கும். அந்தச் சாவி, முதன்முதலில் எந்தக் கணக்கில் உள்ளே போனீர்களோ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

இப்போது நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். லேப்டாப் வாங்க வருகிறவர் மின்னஞ்சல் முகவரியை மறந்துவிட்டார் என்பார். கடைப் பையன் அவசரத்துக்குத் தன் ஃபோன் நம்பரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுவான். வீடு கட்டிய கொத்தனார் பெயரில் பத்திரம் பதிந்த கதைதான் இது. சில மாதம் முன்பு மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் வந்தார். மின்னல் இடித்ததில் போர்டு போய்விட்டது. டிஸ்க் நன்றாக இருக்கிறது. உள்ளே நாலைந்து கல்யாணங்களின் படங்கள், இன்னும் ஆல்பம் போடாதவை. விற்ற கடையில் கணக்குத் தொடங்கிய பையன் வேலையை விட்டுப் போயிருந்தான், பழைய நம்பரும் பயன்பாட்டில் இல்லை. எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாராலும் முடியாது. அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்த பிறகு, கணக்கு யார் பெயரில் என்று கேட்காமல் நாங்கள் ஒரு பெட்டியைக்கூட வெளியே விடுவதில்லை.

ஆகவே உங்கள் பெயரில், உங்கள் ஃபோன் நம்பரில் ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்குள் போய் மீட்புச் சாவியை எடுத்து, காகிதத்தில் அச்சடித்து, வீட்டுப் பீரோவில் வையுங்கள். கடையில் வேண்டாம்.

ஐ5 சிஸ்டத்தை அப்படியே விண்டோஸ் 10-இல் விடுங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டாலும், நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் பேக்கப் செய்தால் இலவசம். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியும் பட்டன் இருக்கும். அதற்குப் பிறகு இணைய வயரைப் பிடுங்கிவிட்டு டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு?

விளாச்சேரித் தம்பி சொன்ன வழி வேலை செய்யும், நானும் மறுக்கவில்லை. விவரம் தெரிந்தவர் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். அந்த மாதிரி சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. வருடாந்திரப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். ஊர்ச் சனங்களின் ஆதாரும் பேங்க் விவரமும் போகிற சிஸ்டத்தில் நான் அதைப் போட்டுத் தர மாட்டேன்.

திருமங்கலம்_வாத்தியார்:

அண்ணன் அந்த மூன்றாவது லேப்டாப்பை விட்டுவிட்டார், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவாக்கியது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதில் ஒரு வாத்தியாராக எனக்கு வருத்தம் உண்டு. பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் முழுக்க லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது.

உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ்ஸில், பழைய சிஸ்டத்துக்கும் ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளமாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. வாட்ஸ்அப் வெப், பிடிஎஃப் இரண்டுக்கும் எந்தக் குறையும் இருக்காது.

இன்னொரு லாபம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்கு வருகிற பென் டிரைவில் பாதிக்கு மேல் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது, லினக்ஸில் எழுந்திருக்காது. வாடிக்கையாளர் பென் டிரைவ் எதுவானாலும் முதலில் இந்த லேப்டாப்பில்தான் என்று கடையில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். தேவையான பிடிஎஃப்பை மட்டும் எடுத்து அடுத்த சிஸ்டத்துக்கு அனுப்பலாம்.

பிரிண்டர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எச்பி என்றால் சுலபம். கேனான் எல்பிபி 2900 என்றால் லினக்ஸில் ரொம்ப அடம் பிடிக்கும்.

உசிலை_ஜெராக்ஸ்:

அண்ணே, சார், தம்பி, மூவருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். பிடிடி என்று இருந்ததை ஆன் செய்தேன், டிபிஎம் குறை போய்விட்டது! செக்யூர் பூட் மட்டும் இன்னும் நிற்கிறது.

எம்பிஆர்2ஜிபிடியைச் சோதனைக்கு ஓட்டினால் டிஸ்க்கின் அமைப்பு சரியில்லை என்று நின்றுவிடுகிறது. எங்கள் டிஸ்க்கில் சி, டி, இ, எஃப் என்று நாலு டிரைவ் இருக்கிறது. டி-யில் வாடிக்கையாளர் கோப்புகள், இ-யில் பழைய பத்திரிகை டிசைன் எல்லாம்.

சார், பிரிண்டர் நீங்கள் சொன்ன அதே 2900தான்.

இன்னொரு சந்தேகம். இந்த சிஸ்டத்தில் என்ன கணக்கு இருக்கிறது என்று பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. விற்றவர்கள் போட்டதாக இருக்கும். இதுவும் பூட்டிக்கொள்ளுமா?

திருமங்கலம்_வாத்தியார்:

2900-ஐ விண்டோஸ் சிஸ்டத்திலேயே விட்டுவிடுங்கள். லேப்டாப்பில் பிடிஎஃப்பை எடுத்து, நெட்வொர்க்கில் பகிர்ந்த ஒரு ஃபோல்டரில் போட்டால் ஐ3-யிலிருந்து பிரிண்ட் கொடுத்துக்கொள்ளலாம். இதற்காகப் பிரிண்டர் மாற்ற வேண்டாம். டோனருக்குச் செலவு குறைவான பிரிண்டர் அது.

டவுன்ஹால்ரோடு_கம்ப்யூட்டர்:

தங்கச்சி, அந்த மின்னஞ்சலைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஏற்கெனவே ஓடுகிற விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றினால் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வதில்லை. இருந்தாலும் சந்தேகம் வேண்டாம். சுலபமான வழி சொல்கிறேன்: திஸ் பிசியைத் திறந்து சி டிரைவைப் பாருங்கள். அதன் மேல் பூட்டுப் படம் இருந்தால் பூட்டியிருக்கிறது, இல்லையென்றால் இல்லை. பூட்டுப் படம் இருந்தால் எதையும் தொடாமல் எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரில் நிர்வாகி உரிமையோடு ஒரு கணக்கைத் தொடங்கி, அதில் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பழைய மின்னஞ்சலை நீக்குங்கள். பழைய கணக்கின் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் கிடப்பதை முதலில் டி டிரைவுக்கு நகர்த்திவிடுங்கள். கணக்கை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

டிஸ்க் சமாசாரத்துக்குக் காரணம் அந்த நாலு டிரைவ்தான். சி-யை மட்டும் பிரைமரியாக வைத்து, மற்றதை எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் லாஜிக்கலாகப் பிரிப்பது நம் ஊர்க் கடைகளில் நெடுநாள் வழக்கம். எக்ஸ்டெண்டட் பகுதி இருந்தால் அந்தக் கருவி மாற்றாது. டி, இ, எஃப் மூன்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகலில் நாலைந்து கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, அதன் பிறகு அந்த டிரைவ்களை நீக்கிவிட்டு ஓட்டினால் மாறும். மாறிய கையோடு பயாஸில் சிஸ்டம் எழுகிற முறையை, பழைய லெகசியிலிருந்து யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும், மறந்தால் சிஸ்டம் பூட் ஆகாது.

வெளி ஹார்டு டிஸ்க் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இப்போது எஸ்எஸ்டி, ரேம் இரண்டும் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப் எல்லாம் போகிறது. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்ததை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இந்த நேரத்தில் நல்ல நிலையில் உள்ள மூன்று சிஸ்டத்தைத் தூக்கிப் போடச் சொன்னதுதான் எனக்குக் கோபம்.

நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் சிபியுவை மட்டும் எடுத்து வாருங்கள், மானிட்டர், கீபோர்டு, வயர் எதுவும் வேண்டாம். மாசி வீதிகளில் தேர் ஓடுகிற நாட்களில் மட்டும் வந்துவிடாதீர்கள், பொட்டியோடு உள்ளே நுழைய முடியாது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். கணக்குத் தொடங்க ஓடிபி வரும், அதனால் உங்கள் பெயரில் உள்ள சிம் போட்ட ஃபோன் கையில் இருக்கட்டும். கடைப் பையனை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள்.